மாஸ்கோ மணி, ஊர் மணி

வாஸ்ஹேவி வானிலை நிலையத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. அலுவலக அறையில் இருந்தது மாஸ்கோ மணி. சமையலறையில் இருந்தது ஊர் மணி, மாஸ்கோவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்து, அளவெடுத்து எழுதும் பார்வையாளரான பிக்ரியா தன் இளமையைக் கழித்துவிட்டாள்.

ஆலங்கட்டி மழைக்கு மாஸ்கோ மணி, அடுப்புக்கு ஊர் மணி. காற்று திசை மாறினால் மாஸ்கோ மணி, கடையில் சர்க்கரை வந்தால் ஊர் மணி. நாடு முழுக்க எல்லா வானிலை நிலையங்களும் தலைநகர் மாஸ்கோவின் ஒரே மணியில்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். மேகத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பதால் தெரிந்து எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது.

அவள் அப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை. பதினாறு வயதில் திபிலீசியில் வானிலைப் பள்ளியில் சேர்ந்தாள். இயற்கையையே மாற்றிக் காட்டுகிறோம் என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த காலம் அது. வறண்ட காற்றைத் தடுக்க மாணவிகளை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓக் கன்று நட வைத்தார்கள். பிக்ரியா நட்டது நானூறு கன்று. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தபோது பதினொன்று உயிரோடு இருந்தது. காற்று வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எண்ணி வைத்துக்கொண்டாள். எண்ணுகிற புத்தி அப்படி.

1951இல் அலஸானி ஆற்றங்கரையில் இருந்த இந்த நிலையத்துக்கு வேலைக்கு வந்தாள். வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி, கம்பத்தில் காற்றுத் தகடு, சுழலும் உருளையில் தாள் சுற்றித் தானே கோடு வரையும் மழைமானி. மூன்று மணிக்கொரு தடவை அளவெடுப்பு. இரவுக்கு மட்டும் துணைக்கு ஒரு ஆள் வருவார். குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டும், ரப்பர் தொடக்கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, தப்பும் தெரிகிற மாதிரி விட்டு, சரியானதை மேலே எழுத வேண்டும். ரப்பர் வைத்திருந்தாலே விசாரணை வரும்.

பிக்ரியாவின் புத்தகத்தில் கோடே கிடையாது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, இருபத்தாறு வருஷம். புது ஆட்களுக்குக் காட்ட அவள் புத்தகங்களைத் தலைமை அலுவலகத்தில் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். லெனின்கிராட்டிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி கடிதம் போட்டிருந்தாள்: உங்கள் குளிர்கால எண்கள் வரவர உயர்கின்றன, வெப்பமானிப் பெட்டியை எங்காவது நகர்த்தினீர்களா? பிக்ரியா பதில் எழுதினாள்: பெட்டி அங்கேயேதான் இருக்கிறது, குளிர்தான் நகர்ந்திருக்கிறது. அந்தப் பதிலை விஞ்ஞானி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாளாம்.

ஊருக்கு இதெல்லாம் பெருமையா? அதுதான் இல்லை. பக்கத்து வீட்டு ஜுஜுனா, கூட்டுப் பண்ணையில் திராட்சைக் குழுவுக்குத் தலைவி, நாக்கு அரிவாள். வேலியில் கையை ஊன்றிக்கொண்டு அவள் கேட்பாள்.

"ஏண்டி பிக்ரியா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றே. உன் பக்கம் ஒருத்தனாவது அடிச்சானா?"

"அடிச்சா எழுதி வெக்கறேன்க்கா."

"எதுல எழுதுவே? மாஸ்கோ மணியிலயா? அவன் வந்து போயி ஒரு மணி நேரம் ஆயிருக்கும்."

சிரித்துவிட்டுப் போய்விடுவாள் பிக்ரியா. சமையலறைக்குள் வந்தபிறகு சிரிப்பு இருக்காது.

அவன் வந்தது 1971இல். ஜும்பேர், போரில் பீரங்கி சுட்டவன், மனைவியை இழந்தவன், வலது காது மந்தம். திராட்சையைக் காப்பாற்ற மலைமுகட்டில் ஆலங்கட்டித் தடுப்பு நிலையங்கள் வைத்தார்கள். மேகம் பனிக்கட்டி கட்டுவதற்குள் அதன் வயிற்றில் ராக்கெட்டால் மருந்தைத் தூவிவிட்டால் கல் பெரிதாகாமல் மழையாகிவிடும் என்பது கணக்கு. மூன்றாம் நிலையம் அவன் பொறுப்பு. ராக்கெட் நிலையத்துப் பதிவேடும் மாஸ்கோ மணிதான், வானில் விமானம் இருக்கிறதா என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டுமே. தினமும் தொலைபேசியில் பிக்ரியாவிடம் காற்றையும் ஈரத்தையும் கேட்பான். ஆறு நிலையத்துக்கும் ஒரே கம்பி. ஒருத்தர் தும்மினால் ஆறு பேர் காதிலும் விழும். அதனால் ஆறு வருஷம் காற்றையும் ஈரத்தையும் தவிர அவர்கள் வேறு எதையும் பேசவில்லை. ஆனால் காற்றையும் ஈரத்தையும் அவ்வளவு நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

வந்த வருஷமே ஒரு தடவை கருவிகளைப் பார்க்க வரலாமா என்று கேட்டான். பத்து மணிக்கு வாங்க என்றாள். அவள் சொன்னது மாஸ்கோ பத்து. அவன் ஊர் பத்துக்கு வந்து, கூப்பிடவும் கூச்சப்பட்டு, வாசலில் தூறலில் ஒரு மணி நேரம் நின்றான். அவள் கதவைத் திறந்தபோது தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் கூப்பிடல?"

"பத்து மணிக்குத்தானே வரச் சொன்னீங்க. உங்களுக்கு இன்னும் பத்தாகல போலிருக்குன்னு நின்னேன்."

அவள் தொப்பியை வாங்கி அடுப்புக்கு மேலே காயப் போட்டாள். இனி இந்த மனிதனுக்கு ஊர் மணிதான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டாள். அவனும் அன்றைக்கு ஒரு முடிச்சுப் போட்டான். அது அவளுக்குத் தெரியாது.

1977 மே மாதம் மலையிலிருந்து இறங்கி நேரில் வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துப் பேசினான்.

"பிக்ரியா அம்மணி, உங்ககிட்ட ரெண்டு கடிகாரம் இருக்கு. ரெண்டுக்கும் நீங்களே சாவி குடுத்துக்கிட்டு இருக்கீங்க. ஒண்ணுக்கு நான் குடுக்கட்டுமா?"

நாற்பத்து நாலு வயதில் ஒருத்தி முகம் அப்படிச் சிவக்கலாமா என்று அவளே நினைத்தாள்.

"ஜூன் ஏழு, செவ்வாய்க்கிழமை. அஞ்சு மணிக்கு வாங்க. பதில் சொல்றேன்."

"அவ்வளவு நாளா?"

"இருபத்தாறு வருஷத்த அடுக்கி வெக்கணும். நாள் வேணாமா?"

ஜூன் ஏழாம் தேதி காலையில் வானம் கழுவிவிட்ட தட்டு. பிக்ரியா ஜுஜுனாவிடம் பாலாடைக்கட்டி கடன் வாங்கினாள், கச்சபுரி ரொட்டிக்கு. யாருக்கு என்று கேட்டதற்குப் பூனைக்கு என்றாள். மாவு பிசைந்தாள், நீலச் சட்டை தேய்த்தாள். மூன்று மணியிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் சமையலறைக் கடிகாரம்தான்.

நாலரைக்கு மலைக்குப் பின்னால் கறுத்தது. ஐந்தாகி இரண்டு நிமிடத்தில் முகட்டிலிருந்து ராக்கெட்டுகள் சீறின. அவன் வரமாட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் கண் அந்தக் கடிகாரத்தை விடவில்லை. ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. பிறகு கூரைமேல் யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டின சத்தம். அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர் கல். உள்ளே வந்து எழுதினாள்: ஆலங்கட்டி, தொடக்கம் 5.20, முடிவு 5.31. கம்பி அறுந்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய தந்தியும் போகவில்லை. பதினொரு நிமிடத்தில் கீழ்த் தோட்டம் மொத்தமும் கம்பும் நாருமாகக் கிடந்தது. ஜுஜுனா கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு வந்த பிக்ரியா புத்தகத்தைத் திரும்பப் பார்க்கவே இல்லை. கச்சபுரி கரிந்துபோயிருந்தது.

ஒரு வாரம் கழித்து விசாரணைக் குழு வந்தது. குழுவின் தலைவர் பெஸாரியோன், கண்ணாடியும் தோல்பையுமாக ஒரு சோர்ந்த மனிதர். ஒவ்வொரு விசாரணையின் முடிவிலும் யாரையாவது குற்றவாளியாக்க வேண்டியிருந்ததில் முதுகு வளைந்துபோனவர். பண்ணை மண்டபம் நிறைந்திருந்தது. ஜும்பேர் முன்வரிசையில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிக்ரியா கடைசி வரிசையில்.

"எத்தன மணிக்கு ஆலங்கட்டி விழுந்துதுன்னு பன்னெண்டு பேர்கிட்ட கேட்டேன்," என்றார் பெஸாரியோன். "பன்னெண்டு பேரும் வேற வேற மணி சொன்னாங்க. அஞ்சேகால்னு ஒருத்தர், ஆறரைன்னு ஒருத்தர். ஒருத்தர் சாப்பாட்டுக்கு அப்புறம்கறார். அதனால புத்தகத்தப் பாக்கறேன். ராக்கெட் விட்டது மாஸ்கோ மணி நாலு ரெண்டு. ஆலங்கட்டி விழுந்தது மாஸ்கோ மணி அஞ்சு இருபது."

மண்டபம் கொதித்தது. சும்மா இருந்த வானத்தில் ராக்கெட்டை விட்டுவிட்டு, நிஜ மேகம் வந்தபோது ஒன்றேகால் மணி நேரம் கைகட்டிக்கொண்டு இருந்தானா?

"தூங்கிட்டான்," என்றாள் ஜுஜுனா. "எங்க கொடி செத்துது, இவன் கொறட்டை விட்டான்."

ஜும்பேர் எழுந்தான். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். அது யார் கையெழுத்து என்று அவனுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை மறுக்காமல் திரும்ப உட்கார்ந்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் பிக்ரியாவுக்குப் புரிந்தது. கால் தானாக எழுந்து நின்றது.

"அது தப்பு, தோழர். நாலு இருபதுன்னு எழுதணும். நான் ஊர் மணிய எழுதிட்டேன்."

பெஸாரியோன் கண்ணாடியைக் கழற்றினார். "பிக்ரியா அம்மணி, உங்க புத்தகத்த வெச்சுத்தான் நான் வேலையே கத்துக்கிட்டேன். அதுல ஒரு கோடு கிடையாது. இன்னிக்கு இந்த ஆளு இங்க உக்காந்திருக்கறப்ப கோடு போடறேன்கறீங்க."

"மழைமானித் தாளைப் பாருங்க. அதுல நாலு இருபது இருக்கும்."

"இருக்கு, பாத்தேன். அது சாவி குடுத்த யந்திரம், பின்னால ஓடும். நீங்க யந்திரம் இல்ல, ஓடமாட்டீங்க." குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க. உங்க புத்தகம் சரின்னா ஒருத்தன் தூங்கினான், முடிஞ்சுது. உங்க புத்தகம் தப்புன்னா இவன் நேரத்துக்குச் சுட்டான், அப்படியும் விழுந்துது. அத நான் மேல எப்படி எழுதறது? யார்மேல குத்தம் சொல்றது, வானத்து மேலயா?"

"ஆமா. மேகத்து மேல எழுதுங்க. அதுதான் பண்ணுச்சு."

யாரோ கனைத்தார்கள். பெஸாரியோன் பென்சிலை எடுத்தார்.

"அப்ப எனக்கு ஒரு காரணம் வேணும். காகிதத்துல எழுதற மாதிரி. இருபத்தாறு வருஷமா தப்பாத கண்ணு அன்னிக்கு ஏன் தப்புச்சு? உங்க நினைப்பு எங்க இருந்துது?"

மண்டபத்தில் களுக்கென்று சிரிப்பு. எங்கள் திபிலீசிப் பக்கத்து மொழியில் பிக்ரியா என்றாலே நினைப்பு என்றுதான் பொருள். அவள் பெயரைச் சொல்லி அவளையே கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அந்த ஒற்றை நாற்காலியின் முதுகைப் பார்த்தாள். சொன்னால் நாளையிலிருந்து வேலிக்கு வேலி இவள் பேச்சுதான். கோடு விழாத பிக்ரியா என்ற பெயரும் போய்விடும், அவளிடம் இருந்த ஒரே நகை அது. சொல்லாவிட்டால் அவன் தூங்கினவன் என்று எழுதி, மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். தூறலில் நின்றபோது கதவைத் தட்டாதவன் இப்போதும் தட்டமாட்டான்.

"இவர்மேல இருந்துது," என்றாள். "ஜும்பேர் அன்னிக்கு ஊர் மணி அஞ்சுக்கு என் வீட்டுக்கு வர்றதா இருந்துது. என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டிருந்தார். பதில் சொல்ல வரச்சொல்லியிருந்தேன். மூணு மணியிலேர்ந்து சமையக்கட்டுக் கடிகாரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ராக்கெட் சத்தம் கேட்ட பிறகும் அதத்தான் பாத்தேன். கல்லு விழறப்ப அதுல அஞ்சு இருபது. எழுதிட்டேன்."

ஜும்பேர் மந்தக் காதை விட்டு நல்ல காதை அவள் பக்கம் திருப்பியிருந்தான். கழுத்துவரை சிவந்திருந்தது அவனுக்கு.

"இத எப்படி நம்பறது?" என்றார் பெஸாரியோன், ஆனால் மெதுவாக.

எழுந்தது ஜுஜுனா. கீழ்த் தோட்டத்தை மொத்தமாக இழந்தவள், அவனைத் தூங்கினவன் என்று முதலில் சொன்னவள்.

"நிஜந்தான் தோழர்," என்றாள் எரிச்சலாக. "அன்னிக்கு என்கிட்ட ஒரு உருண்டை பாலாடைக்கட்டி வாங்கிட்டுப் போனா. யாருக்குடின்னா பூனைக்குன்னா. இவ வீட்ல பூனையே கிடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு பிக்ரியா பக்கம் திரும்பினாள். "என்கிட்ட சொல்றதுக்கென்னடி? கொஞ்சம் நல்ல கட்டியா குடுத்திருப்பேன்ல?"

அதன்பிறகு மண்டபத்தில் யாருக்கும் கோபமாக இருக்க வரவில்லை. பெஸாரியோன் புத்தகத்தை அவள் முன் நகர்த்தினார். பிக்ரியா 5.20 மேல் ஒற்றைக் கோடு போட்டாள், தப்பும் தெரிகிற மாதிரி. மேலே 4.20 எழுதினாள். முடிவு நேரத்தையும் திருத்தினாள். குறிப்புப் பத்தியில் காரணம் எழுத வேண்டும் என்று பெஸாரியோன் சொல்ல, என்ன எழுத என்று அவள் திகைக்க, அவரே சொன்னார்: "பார்வையாளர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது போதும்." பிறகு தன் அறிக்கையைத் திறந்து நெடுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகத்துமேல்தான் எழுதினார் என்று பின்னால் தெரிந்தது. அவரை அதற்குப் பிறகு எந்த விசாரணைக்கும் அனுப்பவில்லை, முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மாலை அளவெடுப்புக்கு நேரமாகிவிட்டது. பிக்ரியா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நிலையத்துக்கு நடந்தாள். பின்னாலேயே பூட்ஸ் சத்தம்.

"ஏன் ஒண்ணும் பேசல நீங்க?" என்றாள் திரும்பாமல். "தூங்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"உங்க புத்தகத்துல எழுதியிருந்துது. அது தப்பா இருக்கும்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அன்னிக்கு மேகம் வரலன்னா அஞ்சு மணிக்கு வந்திருப்பீங்கல்ல?"

அவன் கையை நீட்டினான். கைக்கடிகாரத்தில் ஆறு. அப்போது ஊர் மணி ஏழு.

"அந்தத் தூறல்ல நின்னேன் பாருங்க, அன்னிக்கு மாத்தினேன். ஆறு வருஷமா நான் உங்க மணியிலதான் இருக்கேன். உங்க அஞ்சுக்குத்தான் வந்திருப்பேன்."

ஊர் மணி ஐந்துக்கு அவள் காத்திருந்திருப்பாள். ஆறுக்கு அவன் வந்திருப்பான். அதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டு ரொட்டியைக் கோழிக்குப் போட்டிருப்பாள். அவளுக்கு நன்றாகத் தெரியும், அப்படித்தான் செய்திருப்பாள். ஆலங்கட்டிக்கு நன்றி சொல்ல முடியாது, ஜுஜுனாவின் கொடிகள் கிடந்த கிடை அப்படி. ஆனாலும் மனசு சொன்னது.

வெப்பமானிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பத்தொன்பது புள்ளி நாலு. எழுதினாள். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"சமையக்கட்டுக் கடிகாரத்துக்கு நீங்க சாவி குடுங்க. மாஸ்கோவ நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டு வருஷம் அவன் கொடுத்தான். கல்யாணத்துக்குப் பிறகும் ராக்கெட் விட்டான். சில வருஷம் கல் விழவில்லை, சில வருஷம் விழுந்தது. விழாத வருஷம் ராக்கெட்டாலா என்று அவளை யாராவது கேட்டால், விழாததை அளக்க என்னிடம் கருவி இல்லை என்பாள். விழுந்த வருஷம் அவனே கோலை எடுத்து வந்து கையில் கொடுப்பான். அடுப்பில் எப்போதும் கச்சபுரி கரியும், இரண்டு பேருமே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதால்.

1989 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை அவன் தூக்கத்திலேயே போய்விட்டான். ஜுஜுனாதான் முதலில் ஓடிவந்தாள். காலை அளவெடுப்பை நான் யாரையாவது விட்டுச் செய்யச் சொல்கிறேன், நீ உட்கார் என்றாள். பிக்ரியா கேட்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு பனியில் இறங்கிப் போய், பெட்டியைத் திறந்து, பார்த்து, எழுதிவிட்டு வந்தாள்.

புத்தகங்கள் இப்போதும் ஆவணக் கிடங்கில் இருக்கின்றன. லெனின்கிராட் பெண் கேட்ட குளிர்கால எண்களெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டே இடத்தில்தான் கோடு. ஒன்று 1977 ஜூன் ஏழு. இன்னொன்று அந்தப் பிப்ரவரிக் காலை. பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி என்பதை மேலே நாலு என்று எழுதி, அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, திருத்தியிருக்கிறாள். குறிப்புப் பத்தியில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. எழுதியிருக்கிறாள், அதே வரியை, ஒரு சொல் மாற்றாமல்: பார்வையாளர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.